பழைய ரெஸ்லிங் பைத்தியத்திடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாரும் கேட்பதையே முதலில் கேட்கிறேன். இதெல்லாம் செட்டப்புதானே?

ஆமாம், செட்டப்புதான். யார் ஜெயிப்பது, எப்படி முடிப்பது எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தது. 1989இல் ரெஸ்லிங் நடத்துகிற டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) நிறுவனமே நியூ ஜெர்சி மாநில செனட்டில் இது போட்டி விளையாட்டு இல்லை, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டுவிட்டது, விளையாட்டு ஆணையத்தின் கெடுபிடியும் வரியும் தொல்லையாக இருந்ததால். ஆக ரகசியம் வெளியே வந்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் கல்யாண வீட்டில் மூலையில் உட்கார்ந்து போனில் ஒரு பழைய ஆட்டத்தை நான் ஓட்டிக்கொண்டிருந்தால், யாராவது ஒரு பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு, ஊரில் ஒருத்தருக்கும் தெரியாததைத் தான் மட்டும் கண்டுபிடித்த மாதிரி "டேய், அதெல்லாம் டூப்புடா" என்பார். சரிங்க பெரியப்பா என்று சொல்லிவிட்டு மிச்சத்தைப் பார்ப்பேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ரிங்குக்கு அடியில் இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, பலகைமேல் ஒல்லியாக ஒரு மெத்தை, அதற்குமேல் இழுத்துக் கட்டிய கித்தான். முடிவைப் பேசி வைக்கலாம், பலகையிடம் பேசி வைக்க முடியாது.

அப்புறம் எதற்குப் பார்க்கிறீர்கள்?

அடி வாங்குகிறவரைப் பார்ப்பதற்கு.

சின்ன வயதில் நானும் அடிக்கிறவனைத்தான் பார்த்தேன். யார் பெரிய ஆள், யார் யாரைத் தூக்கிப் போட்டான், அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பையில் டிரம்ப் கார்டு வைத்திருந்த தலைமுறை நாங்கள், உயரம் கேட்டால் ஜயன்ட் கொன்சாலஸ், எடை கேட்டால் யோகோசுனா என்று கணக்குப் போட்டே வளர்ந்தோம். முப்பது வயதுக்கு மேல் அதே ஆட்டங்களை மறுபடி பார்க்க ஆரம்பித்தபோதுதான் உறைத்தது: அடிக்கிறவன் கையை வீசுகிறான், அவ்வளவே. அதை அடியாக்குவது எதிரில் நிற்பவன். எவ்வளவு தூரம் தள்ளாடுகிறான், எந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறான், ஐந்து நிமிடம் கழித்தும் அந்த இடம் வலிக்கிற மாதிரி நடக்கிறானா. இதற்கு அவர்கள் வட்டாரத்தில் 'செல் பண்ணுவது' என்று பெயர், வலியை விற்பது. ரிக் ஃப்ளேர் என்பவர் அடி வாங்கினால் உடனே விழமாட்டார். ஒன்றும் ஆகாதவர் போல மூன்று நான்கு எட்டு நடப்பார், நடந்துகொண்டே இருக்கும்போது அப்படியே முகம் குப்புறத் தொபுக்கென்று விழுவார். பதினாறு முறை உலக சாம்பியன் என்று அவர்கள் கணக்குச் சொல்கிற ஆள், விழுவதைத் தன் முத்திரையாக வைத்திருந்தார்.

புதிதாகப் பார்க்கிறவர் எதில் ஆரம்பிக்க வேண்டும்?

ரெஸ்ல்மேனியா 3, டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் வருடாந்திரத் திருவிழா. 1987 மார்ச் 29, மிச்சிகனில் பான்டியாக் சில்வர்டோம். ராண்டி சாவேஜ், ரிக்கி ஸ்டீம்போட். வேறு பதில் என்னிடம் இல்லை.

முன்கதை சுருக்கமாக. சில மாதங்களுக்கு முன் சாவேஜ், ரிங் ஓரத்தில் இருக்கும் மணியை எடுத்து ஸ்டீம்போட்டின் தொண்டையில் இறக்கிவிட்டார். குரல்வளை நொறுங்கிவிட்டது, பேச முடியவில்லை என்று கதை. இப்போது தொண்டை தேறி வந்திருக்கிறார். சாவேஜிடம் இருப்பது இன்டர்கான்டினென்டல் பெல்ட், அதாவது ஒரு சாம்பியன் பட்டம். அவருடன் வருபவர் மிஸ் எலிசபெத், நிஜ வாழ்க்கையில் மனைவி. ஸ்டீம்போட்டுடன் வருபவர் ஜார்ஜ் 'தி அனிமல்' ஸ்டீல், பச்சை நாக்கோடு மூலைக் கம்பத்தின் மெத்தையைக் கடித்துக் கிழிக்கிற ஆள், எலிசபெத்மேல் அவருக்கு ஒரு குழந்தைத்தனமான பிரியம். (இந்த மிருகம் அதே மிச்சிகனில் நிஜமாகவே பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் வகுப்புப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.)

அரங்கம் அவ்வளவு பெரியதாக இருந்ததால் ஆட்களை ரிங் வடிவத்தில் செய்த ஒரு சின்ன வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். தேர் மாதிரி வரும். சிரிப்பு வரும், வரட்டும். ஆட்டம் தொடங்கியதும் கவனியுங்கள்: ஸ்டீம்போட் முதலில் செய்கிற பெரிய காரியமே சாவேஜின் தொண்டையை இரண்டு கையாலும் பிடித்து அந்தரத்தில் தூக்குவதுதான். யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. நீ என் தொண்டையைப் பிடித்தாய், இப்போது உன் தொண்டை. சாவேஜ் காலை உதைத்துக்கொண்டு தொங்குகிற விதத்தில்தான் அந்தப் பிடிக்கே உயிர் வருகிறது.

எதிரியின் தோளைத் தரையில் அமுக்கி வைத்திருக்க நடுவர் மூன்று எண்ணினால் ஜெயிப்பு. கால் மணி நேரம்கூட இல்லாத ஆட்டம், அதற்குள் மூன்று எண்ணப் பார்த்து இரண்டில் நின்றுபோன இடங்கள் இருபதுக்குப் பக்கத்தில் இருக்கும். நடுவில் நடுவர் அடிபட்டு விழுகிறார். சாவேஜ் மேல் கயிற்றிலிருந்து அவருடைய பேர்போன முழங்கையை இறக்கி அமுக்குகிறார், எண்ண ஆள் இல்லை. மறுபடி அந்த மணியைத் தேடிப் போகிறார். இங்கேதான் ஸ்டீல் குறுக்கே வருகிறார், மூலையில் ஏறி நின்ற சாவேஜைத் தள்ளிவிடுகிறார். எழுந்த சாவேஜ், ஸ்டீம்போட்டைத் தூக்கி அடிக்கப் போக, தூக்கிய கையிலேயே அவர் சுருண்டு சாவேஜையும் சேர்த்துச் சுருட்டிவிடுகிறார். ஸ்மால் பேக்கேஜ் என்பார்கள். ஒன்று, இரண்டு, மூன்று.

சாவேஜ் இந்த ஆட்டத்தை ஒவ்வொரு அசைவாக எண் போட்டு எழுதி வைத்து, ஸ்டீம்போட்டை ஒப்பிக்கச் சொல்லி, தான் ஒப்பித்துக் காட்டி, வாரக்கணக்கில் உயிரை எடுத்ததாக ஸ்டீம்போட்டே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி தோற்பதற்குப் படித்திருக்கிறார் மனுஷன். நான் இதைச் சுமார் ஐம்பது தடவை பார்த்திருப்பேன். கடைசி ஏழெட்டுத் தடவையாக ஸ்டீம்போட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன், சாவேஜை மட்டும் பார்க்கிறேன்.

அதே இரவில்தானே ஹல்க் ஹோகன், ராட்சத உடம்புக்காரர் ஆண்ட்ரே தி ஜயன்ட்டைத் தூக்கினார்? அதைச் சொல்லாமல் விட்டீர்களே?

சொல்கிறேன். ஆட்டமாகப் பார்த்தால் சுமார்தான். பன்னிரண்டு நிமிடத்தில் பெரும்பகுதி ஆண்ட்ரே கட்டிப்பிடித்து நசுக்குகிறார், ஹோகன் கண் செருகி நிற்கிறார். 93,173 பேர் வந்ததாக அறிவித்தார்கள். அந்த எண்ணிக்கையைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை, எனக்கு அதில் ஆர்வமும் இல்லை.

ஆனால் ஆண்ட்ரேவைப் பாருங்கள். முதுகில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது, உடைக்கு உள்ளே இடுப்புப் பட்டை கட்டியிருந்தார். பதினைந்து வருடம் தோற்காதவர் என்று விளம்பரம் செய்தார்கள், அது உண்மை இல்லை, அவரை அதற்கு முன்பும் தூக்கிப் போட்டிருக்கிறார்கள், ஹோகனேகூட. அதெல்லாம் அன்று யாருக்கும் நினைவில் இல்லை. நிற்கவே சிரமப்படுகிற ஓர் ஆள், கயிற்றைப் பிடித்துப் பிடித்து நடந்து, கடைசியில் தன் உடம்பை இன்னொருவன் கையில் ஒப்படைக்கிறார். அவ்வளவு எடையுள்ள ஆள் ஒத்துழைக்காமல் அவரைத் தூக்க எவனாலும் முடியாது. அந்த ஒரு நொடி தூக்குக்காக ஹோகனுக்குப் புகழ். தூக்க விட்டவர் 1993 ஜனவரியில் போய்ச் சேர்ந்தார், 46 வயது.

பழைய ஆட்டங்கள் ரொம்ப மெதுவாக இருக்கின்றனவே. தலையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் படுத்திருக்கிறார்களே?

இருக்கிறார்கள். சில ஆட்டங்களில் அது சோம்பேறித்தனம்தான், மழுப்ப மாட்டேன். ஆனால் பிடி போட்டுப் படுத்திருக்கும் நேரத்தில் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, மூச்சு வாங்குவது. இன்னொன்று, அடுத்து என்ன செய்யலாம் என்று காதோடு காதாகப் பேசிக்கொள்வது. ஃப்ளேர் அப்படித்தான், முடிவைத் தவிர மிச்சத்தை ரிங்கில் நின்றே பேசி ஓட்டுபவர். சாவேஜ் பாடப்புத்தகம் என்றால் ஃப்ளேர் கச்சேரி, அன்றைக்குக் கூட்டம் எப்படி இருக்கிறதோ அப்படிப் போவார்.

இதைப் பார்க்க 1989இல் ஃப்ளேரும் ஸ்டீம்போட்டும் மோதிய மூன்று ஆட்டங்கள். பிப்ரவரி 20 சிகாகோ, ஸ்டீம்போட், டபிள்யூ.டபிள்யூ.எஃப்.புக்குப் போட்டி அமைப்பான என்.டபிள்யூ.ஏ.வின் உலக பெல்ட்டை ஃப்ளேரிடமிருந்து வாங்குகிறார். ஏப்ரல் 2 நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம், மூன்றில் இரண்டு எடுப்பவர் வெற்றி என்ற கணக்கில் ஐம்பது நிமிடத்துக்கு மேல் போகிறது. அன்றைக்கே டபிள்யூ.டபிள்யூ.எஃப். பக்கம் ரெஸ்ல்மேனியா 5 நடந்ததால் அதற்குப் போட்டியாக இதை டிவியில் இலவசமாகக் காட்டினார்கள், அரங்கத்தில் பாதிகூட நிரம்பவில்லை. வெற்று நாற்காலிகளுக்கு முன்னால் இவர்கள் இரண்டு பேரும் ஒருவர் நெஞ்சில் ஒருவர் மாறி மாறி அறைகிற சத்தம் இருக்கிறதே, சலவைக் கல்லில் ஈரத்துணியை ஓங்கி அடிப்பது போல, அது எந்தச் செட்டப்பிலும் வராது. பாதி ஆட்டத்தில் நெஞ்சு சிவந்துபோயிருக்கும்.

மூன்றாவது, மே 7, நாஷ்வில். ஸ்டீம்போட்டுக்கு முழங்காலில் அடி. வலிக்கிற காலோடு ஃப்ளேரைத் தூக்கப் போகிறார், கால் மடங்குகிறது, ஃப்ளேர் சுருண்டு சுருட்டி அமுக்குகிறார். ஸ்மால் பேக்கேஜ்! ரெஸ்ல்மேனியா 3இல் சாவேஜ் தோற்ற அதே விதத்தில் இரண்டு வருடம் கழித்து ஸ்டீம்போட் தோற்கிறார். இது தற்செயலா தெரிந்தே செய்ததா என்றெல்லாம் நான் கேட்கப் போவதில்லை. முதன்முதலில் கவனித்த அன்றைக்கு ராத்திரி ஒரு மணி, எழுப்பிச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.

முடிந்த உடனே எழுந்து போய்விடாதீர்கள். நடுவர் குழுவில் உட்கார்ந்திருந்த டெர்ரி ஃபங்க் வாழ்த்துச் சொல்ல வருவார், எனக்கு ஒரு ஆட்டம் கொடு என்று கேட்பார், ஃப்ளேர் மரியாதையாகத் தட்டிக் கழிப்பார், கேலி செய்தேன் விடப்பா என்று ஃபங்க் கை நீட்டுவார். அப்புறம் ஃப்ளேர் மேஜைமேல் தலைகீழாக இறங்குவார்.

ப்ரோமோ என்கிறார்களே, அது என்ன?

மைக்கைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சவால் விடுவது. டிக்கெட் விற்க வேண்டும், அதற்குத்தான். இரண்டு நிமிடம் கிடைக்கும், அதில் எதிரி யார், கோபம் என்ன, எந்தத் தேதி, எந்த ஊர் எல்லாம் வந்துவிட வேண்டும்.

இதில் எல்லாருக்கும் மேலே இருப்பவர் டஸ்டி ரோட்ஸ். 1985, ஹார்ட் டைம்ஸ் என்ற பெயரில் எல்லாருக்கும் தெரிந்தது. ஃப்ளேரும் அவர் கூட்டாளிகள் ஆண்டர்சன்களும் டஸ்டியின் கணுக்காலை உடைத்ததாகக் கதை, அதிலிருந்து எழுந்து வந்து பேசுகிறார். தொப்பை வைத்த ஆள், பிளம்பரின் மகன், அதையே சொல்லிக்கொண்டு திரிந்தவர். எனக்குக் கஷ்டம் கொடுத்தாய் ஃப்ளேர் என்று ஆரம்பித்து, உனக்குக் கஷ்டம் என்றால் என்னவென்று தெரியுமா என்று திரும்புகிறார். துணி மில் தொழிலாளிக்கு வேலை இல்லை, நாலைந்து பிள்ளைகள், சாப்பாட்டுக்கு வழி இல்லை. கார் கம்பெனிக்காரனை வீட்டுக்குப் போ என்கிறார்கள். முப்பது வருடம் உழைத்தவனுக்கு ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்து, உன் இடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று அனுப்புகிறார்கள். கடைசியில் கேமராவை நோக்கிக் கையை நீட்டி, என் கையைத் தொடு என்கிறார்.

கோயம்புத்தூரில் எங்கள் அப்பா மில்லில் வேலை பார்த்தவர். ஒருநாள் இதை நான் டிவியில் போட்டிருந்தபோது பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "என்ன சாமி சொல்றான் அந்தக் குண்டன்?" என்றார். வரி வரியாகச் சொன்னேன். "நம்ம மில்லையா சொல்றான்?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "வாட்ச்சாவது குடுத்தானா?" ரெஸ்லிங்கைப் பற்றி எங்கள் அப்பா என்னிடம் உருப்படியாகப் பேசியது அந்த ஒரு நாள்தான்.

இதற்கு நேர் எதிர் ஜேக் ராபர்ட்ஸ். எல்லாரும் கத்துகிற காலத்தில் இவர் குரலைத் தாழ்த்துவார். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்க வேண்டியிருக்கும். 1990இல் கோடீஸ்வரன் வேஷக்காரர் டெட் டிபியாசியோடு மோதுவதற்கு முன் பேசியதைக் கேளுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டு மிரட்டுகிற மாதிரி இருக்கும். கையில் மலைப்பாம்பு வைத்திருந்தவர், அது இல்லாமலே பயம் வரும்.

அப்புறம் சாவேஜின் க்ரீம். காபியில் ஊற்றுகிற துளியூண்டு க்ரீம் டப்பா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பாலில் மேலே வருவது எதுவோ அது நான் என்று பேசுகிறார், டப்பா ஒன்று போய் இன்னொன்று வருகிறது. எழுதிப் படித்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் பார்க்கும்போது சாவேஜைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் மைக் பிடித்திருக்கும் வழுக்கைத்தலை 'மீன்' ஜீன் ஓகர்லண்டைப் பாருங்கள். சிரிக்கவே மாட்டார். டப்பாவைப் பார்க்கிறார், ஆளைப் பார்க்கிறார், பெரிய அரசியல் தலைவரைப் பேட்டி எடுக்கிற முகம். வில்லுப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்து 'ஆமாம்' போடுகிறவர் சரியில்லை என்றால் பாட்டு எடுபடாது, அந்த வேலையைத்தான் இவர் செய்கிறார். ரிங்கில் அடி வாங்குகிறவர் எப்படியோ, மைக்குக்கு இந்தப் பக்கம் ஓகர்லண்ட் அப்படி.

கமென்டரி எல்லாம் கேட்க வேண்டுமா? மியூட்டில் பார்க்கக் கூடாதா?

கூடவே கூடாது. 1992 ராயல் ரம்பிள், ஜனவரி 19, ஆல்பனி. முப்பது பேர், இரண்டு நிமிடத்துக்கு ஒருவராக உள்ளே வருவார்கள், மேல் கயிற்றைத் தாண்டி வெளியே விழுந்தால் அவுட். ஃப்ளேர் மூன்றாவதாக வருகிறார், அதாவது கடைசிவரை தாக்குப்பிடிக்கக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். மைக்கில் பாபி ஹீனன், ஃப்ளேரின் ஆள், பக்கத்தில் கொரில்லா மன்சூன். ஹீனன் அந்த ஒரு மணி நேரமும் துடிக்கிறார், மன்றாடுகிறார், நியாயமே இல்லை என்று புலம்புகிறார், ஃப்ளேரை ஒருவன் காப்பாற்றினால் அவனைப் புகழ்ந்து அடுத்த நொடி அவனே அடித்தால் திட்டுகிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஆட்டம் புரியும். ஒரு அடிகூட வாங்காமல் முழு ஆட்டத்தையும் செல் பண்ணியவர் அவர்தான்.

ஃப்ளேர் ஜெயித்தபின் பெல்ட்டோடு பேட்டி. கண் கலங்கி, வாழ்க்கையிலேயே பெரிய தருணம் என்று அவர் உருகிக்கொண்டிருக்கும்போது ஓகர்லண்ட் சட்டென்று திரும்பி, கேமராவுக்கு வெளியே யாரையோ பார்த்து சிகரெட்டை அணை என்று அதட்டுகிறார். அதட்டிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி மைக்கை நீட்டுகிறார். எனக்கு இது பெல்ட்டைவிடப் பிடிக்கும்.

அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்பது உண்மையா?

பிணம் புதைப்பவர் வேஷத்தில் வந்தவர், எங்கள் பள்ளியிலும் அவருக்கு ஏழுதான். காரணம் இருக்கிறது: 1994 ஜனவரியில் யோகோசுனாவும் இன்னும் பல பேருமாகச் சேர்ந்து அவரைச் சவப்பெட்டியில் போட்டு மூடினார்கள், அவர் உருவம் அரங்கத்தின் கூரைக்கு ஏறிப்போனது. ஆகஸ்டில் திரும்பி வந்து இன்னொரு போலி அண்டர்டேக்கரோடு மோதினார். நடுவில் முதுகுக்கு ஓய்வு எடுத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். கேபிளில் பாதி எபிசோட் பார்க்கிற ஊரில் மிச்சத்தைப் பையன்கள் நிரப்பிக்கொண்டோம்.

ரத்தம்? தக்காளிச் சாறா?

ரத்தம்தான். மணிக்கட்டுப் பட்டைக்குள் பிளேடுத் துண்டு ஒளித்து வைத்திருப்பார்கள், நெற்றியில் லேசாகக் கீறினால் வியர்வையோடு சேர்ந்து முகம் முழுக்க ஓடும். பாராட்ட வேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ரெஸ்ல்மேனியா 13, 1997 மார்ச் 23, பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும். ஆஸ்டின் வில்லனாக உள்ளே போகிறார். பிரெட்டின் கால்பிடியில் சிக்கி, முகமெல்லாம் ரத்தம், விட்டுவிடுகிறேன் என்று சொல்லமாட்டேன் என்கிறார், மயங்கியே விடுகிறார். தோற்றவர் நாயகனாகவும் ஜெயித்தவர் வில்லனாகவும் வெளியே வருகிறார்கள். வாங்குகிறவரைப் பாருங்கள் என்று நான் சொல்வதை நம்பாதவர்களுக்கு இதைப் போட்டுக் காட்டுவேன்.

இப்போது பார்த்தால் கூச்சமாக இருக்கிற விஷயங்கள் இல்லையா?

நிறைய. மிசிசிப்பிக்காரரான ஜேம்ஸ் ஹாரிஸை உகாண்டா காட்டுமிராண்டி 'கமாலா' என்று வெறுங்காலோடு நடக்க விட்டார்கள். யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர் ரஷ்யன் ஆனார். ஈரானியரான அயர்ன் ஷேக், 1972இல் அமெரிக்க ஒலிம்பிக் மல்யுத்த அணிக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்தவர், அவர் பிழைப்பு அமெரிக்காமேல் துப்புவதாக ஆனது. 1984இல் ரோடி பைப்பர், ஃபிஜிக்காரர் ஜிம்மி ஸ்னூக்கா தலையில் தேங்காயை உடைத்த காட்சியை இன்றும் பெரிய தருணம் என்று கொண்டாடுகிறார்கள். அதற்கு முன் வாழைப்பழத்தை நீட்டிப் பேசுகிற பேச்சைக் கேட்டால் என்னால் கொண்டாட முடியவில்லை.

அதைவிடக் கஷ்டம், பார்க்கும்போது மனசுக்குள் இவர்கள் செத்த வயதின் கணக்கு ஓடும். டேவி பாய் ஸ்மித் 39. ரிக் ரூட் 40. கர்ட் ஹென்னிக் 44. எலிசபெத் 42. சாவேஜ் 58. நிறுவனங்கள் இவர்களை ஊழியர்களாகவே வைத்துக்கொள்ளவில்லை, ஒப்பந்தக்காரர்கள், மருத்துவக் காப்பீடு அவரவர் பாடு. வலியை விற்பது என்று மேலே எளிதாக எழுதிவிட்டேன். வலி மாத்திரை வாங்கிய செலவும் அவர்களுடையதுதான்.

இப்போதைய ரெஸ்லிங்?

வித்தை அதிகம், வேகம் அதிகம், விழுந்தவன் உடனே எழுந்துவிடுகிறான். பிடித்தவர்கள் பார்க்கட்டும்.

ஸ்டீம்போட் எப்போதாவது வில்லனாக வந்திருக்கிறாரா?

இல்லை. மொத்த வாழ்க்கையிலும் ஒரு முறைகூட இல்லை. அந்தத் தொழிலில் நாலு வருடத்துக்கு ஒருமுறை எல்லாரும் கட்சி மாறுவார்கள், இவர் மாறவில்லை. சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள், பேச்சும் அவருக்கு வராது, ப்ரோமோவில் மென்று முழுங்குவார். ஆனால் அவர் கையை மடக்கி, தரையில் ஊர்ந்து, கயிற்றை எட்டிப் பிடிக்க விரலை நீட்டுகிற இடத்தில் எங்கள் அப்பாவே, ரெஸ்லிங்கை ஒருநாளும் மதிக்காதவர், "பிடி, பிடி" என்று முணுமுணுத்தார். கேட்டால் இல்லை என்பார்.